நெடுவில்லின் தடத்தில் ஏழு நாள்

நாள் 1: ஆபர்கவனி

இங்கிலாந்தின் ஆளுயர வில்லான நெடுவில் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் நேராக, 1415-இல் அது பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த அஜின்கூருக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு 233 ஆண்டுகளுக்கு முன்பு தென்கிழக்கு வேல்ஸில் நடந்த ஒரு கோட்டைத் தாக்குதலிலிருந்து தொடங்கினால்தான் விஷயம் சரியாகப் பிடிபடும்.

அஸ்க் ஆற்றுக்கு மேலே ஒரு மேட்டில் நிற்கிறது ஆபர்கவனி கோட்டை. இன்று மிஞ்சியிருப்பவை இடிந்த சுவர்கள், இரண்டு கோபுரங்களின் சிதைவு, பழைய மண்மேட்டின் மீது 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கட்டடம், அதற்குள் நகர அருங்காட்சியகம். 1175-இல் இந்தக் கோட்டையின் பிரபு வில்லியம் டி பிரயோஸ் வேல்ஸ் தலைவர்களை விருந்துக்கு அழைத்துக் கொன்றான். 1182-இல் அவர்களுடைய மக்கள் பழிவாங்க வந்தார்கள். காவலர் இருவர் பாலத்தைக் கடந்து கோபுரத்துக்குள் ஓடி ஒளிய, துரத்தி வந்தவர்கள் விட்ட அம்புகள் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலத் தடிமன் கொண்ட ஓக் கதவைத் துளைத்து மறுபக்கம் எட்டிப் பார்த்தன. 1188-இல் வேல்ஸைச் சுற்றிப் பயணம் செய்து இதையெல்லாம் பதிவுசெய்த பாதிரியார் ஜெரால்டு, அந்த அம்பு முனைகளை நினைவுக்காகக் கதவிலேயே விட்டு வைத்திருந்தார்கள் என்கிறார்.

அவர் தரும் இன்னொரு தகவல்தான் முக்கியம். தென்கிழக்கு வேல்ஸின் குவென்ட் பகுதியினரின் வில், நெடுவில்லுக்குப் பேர்போன யூ மரத்தில் செய்ததல்ல. காட்டு எல்ம் மரத்தில் செய்தது. மெருகு கிடையாது, பார்க்கக் கரடுமுரடு, ஆனால் விறைப்பு அதிகம். அதாவது, ஓர் அபூர்வ மரத்தாலோ புதிய கண்டுபிடிப்பாலோ வந்ததல்ல இந்த ஆயுதம். ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த 5,000 ஆண்டுப் பழைய மனிதன் ஏட்சியிடம்கூட 1.82 மீட்டர் நீள யூ வில் ஒன்று, செய்து முடிக்காத நிலையில், இருந்தது. ஆளுயர வில் ஐரோப்பாவுக்குப் புதிதே அல்ல. 1280-களுக்குப் பிறகு இங்கிலாந்தின் அரசர்கள் செய்த புதுமை வேறு: ஆயிரக்கணக்கில் வில்லாளர்களைச் சம்பளம் கொடுத்துத் திரட்டினார்கள்.

திரட்டினாலும் உடனே வெற்றி வந்துவிடவில்லை. 1298-இல் பால்கர்க்கில் ஸ்காட்லாந்தின் ஈட்டி வட்டங்களை வில்லாளர்கள் சல்லடையாக்கினார்கள். 1314-இல் பானக்பர்னில் அதே வில்லாளர்களை ராபர்ட் கீத்தின் 500 குதிரைவீரர்கள் பக்கவாட்டில் புகுந்து துடைத்தெறிந்தார்கள். வில் அதேதான், கைகளும் அதேதான். பானக்பர்னில் அவர்களுக்கு முன்னால் ஒரு பள்ளமோ வேலியோ இல்லை. பக்கத்தில் காலாள் துணையும் இல்லை. ஆகவே இந்தப் பாதையில் ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: வில்லாளிக்கு நிற்க இடமும், நின்று தயாராக நேரமும் கிடைத்தனவா?

நாள் 2: ஷ்ரூஸ்பரி

ஆபர்கவனியிலிருந்து ஷ்ரூஸ்பரிக்கு நேர் ரயில் உண்டு. ஊருக்கு வடக்கே பாட்டில்ஃபீல்டு என்ற பெயரிலேயே ஒரு சிற்றூர். அங்கே மரிய மக்தலேனா தேவாலயம். 1403 ஜூலை 21 அன்று நடந்த போரில் செத்தவர்களுக்காக எழுப்பியது. அரசர் நான்காம் ஹென்றியின் படையும், அவரை எதிர்த்துக் கிளம்பிய ஹாட்ஸ்பர் எனப்பட்ட ஹென்றி பெர்சியின் படையும் மோதிய களம். இங்கிலாந்து மண்ணில் இரு பக்கமும் பெருந்தொகை நெடுவில்லாளர்கள் எதிரெதிரே நின்ற முதல் பெரிய போர் இதுதான். முதல் அம்பு வீச்சில் அரசர் படை தடுமாறியது; எதிர்த்தரப்பில் செஷயர் வில்லாளர்கள் இருந்தார்கள்.

பட்டத்து இளவரசனுக்கு அப்போது வயது 16. பின்னாளில் அஜின்கூரில் வெல்லப் போகும் ஐந்தாம் ஹென்றி அவன்தான். அவன் முகத்தில், மூக்கின் இடப்பக்கமாக ஓர் அம்பு பாய்ந்தது. தண்டைப் பிடித்து இழுத்தபோது தண்டு மட்டும் கையோடு வந்தது. முனை ஆறு அங்குல ஆழத்தில், மண்டையோட்டின் பின் எலும்பில் தங்கிவிட்டது.

ஏன் அப்படி? அம்பு முனை ஆணிபோல் தண்டுக்குள் இறங்குவதில்லை. குழல் வடிவில் இருக்கும் இரும்பு முனையின் வாயில் தண்டின் நுனியைச் சீவிச் செருகி, மெழுகோ பசையோ வைத்துப் பிடிக்கச் செய்வார்கள். ரத்தத்தில் ஊறி, தண்டை அசைத்து இழுத்தால் பிடி விட்டுவிடும். முனை உள்ளேயே நின்றுவிடும்.

ஜான் பிராட்மோர் என்ற லண்டன் அறுவை மருத்துவர் செய்த வேலையை அவரே எழுதி வைத்திருக்கிறார். எல்டர் மரத்தின் காய்ந்த உட்சோற்றில் சிறு குச்சிகள் செய்து, துணி சுற்றி, ரோஜாத் தேனில் நனைத்து, ஒன்றைவிட ஒன்று பருமனாகக் காயத்துக்குள் செலுத்திக்கொண்டே போனார். துளை முனைவரை விரிந்ததும், அம்புத் தண்டின் அளவுக்கே மெல்லிய ஓர் இடுக்கியை உள்ளே விட்டார். இடுக்கியின் நடுவில் ஒரு திருகாணி. இடுக்கியின் வாய் முனையின் குழலுக்குள் நுழைந்ததும் திருகைத் திருப்ப, இடுக்கி உள்ளேயே விரிந்து குழலைக் கவ்விக்கொண்டது. இப்படியும் அப்படியுமாக அசைத்து மெல்ல வெளியே எடுத்தார். பிறகு வெள்ளைத் திராட்சை மதுவால் கழுவி, தேனும் பார்லி மாவும் சேர்ந்த களிம்பு தடவிய திரிகளை வைத்து, நாளுக்கு நாள் திரியைச் சிறிதாக்கி, 20 நாளில் காயத்தை ஆற்றிவிட்டார். குழல் முனையின் பலவீனத்தையே பிடிமானமாக மாற்றிய அந்தத் திருகுக்கு ஈடான மருத்துவச் சாதுர்யம் அந்தக் காலத்தில் அதிகம் காணக் கிடைக்காது.

நாள் 3: போர்ட்ஸ்மத்

இந்த ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். வரலாற்று நூல்கள் நெடுவில்லைப் பற்றிச் சொல்லும் பாதியை இங்குள்ள மேரி ரோஸ் அருங்காட்சியகத்தில் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம்.

இடைக்காலத்து நெடுவில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. மரம் மட்கிவிடும், உடைந்த வில் அடுப்புக்குப் போய்விடும். 1545 ஜூலை 19 அன்று சோலன்ட் நீரிணையில் மூழ்கி, 1982 அக்டோபர் 11 அன்று மேலே தூக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் மட்டும், சேறு மூடிக் காற்றுப்படாமல் கிடந்ததால், முழுசாக 137 வில்களும் 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. 1546-இல் முடிந்த கடற்படைப் பட்டியலில் இந்தக் கப்பலின் கணக்கு: 250 யூ வில், 400 கட்டு அம்பு, ஆறு குரோஸ் நாண். கட்டுக்கு 24 அம்பு என்றால் 9,600 அம்பு. ஆறு குரோஸ் என்றால் 864 நாண். ஒரு வில்லுக்கு மூன்று நாணுக்கு மேல் வருகிறது. எது அடிக்கடி அறும் என்று தெரிந்தவர்கள் போட்ட கணக்கு அது.

கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் வில்லைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நீளம் 1.87 முதல் 2.11 மீட்டர். நடுவில் கைப்பிடி என்று தனியாக எதுவும் செதுக்கவில்லை, தோலும் சுற்றவில்லை. நடு பருத்து இரு முனைக்கும் சீராக மெலிகிறது. முனைகளில் இரண்டு அங்குலத்துக்கு மரம் வெளுத்திருக்கும். அங்கே நாணைப் பூட்ட, கொம்பில் செய்த குதை மாட்டியிருந்தது. கொம்பு கடலில் கரைந்துபோக நிறம் மட்டும் தங்கிவிட்டது.

மரத்தில் இரண்டு நிறம் தெரிகிறதா? நம் தச்சர்கள் சொல்லும் வைரமும் (உள்மரம்) வெளிறும் (பட்டையை ஒட்டிய வெளிமரம்)தான். யூ மரத்தின் செம்பழுப்பு வைரம் நசுக்கலைத் தாங்கும். வெளிர் மஞ்சள் வெளிறு இழுப்பைத் தாங்கும். வில்லை வளைக்கும்போது எய்பவன் முகத்தைப் பார்க்கும் பக்கம் நசுங்குகிறது, எதிரியைப் பார்க்கும் பக்கம் இழுபடுகிறது. ஆகவே உட்பக்கம் வைரம், வெளிப்பக்கம் சில மில்லிமீட்டர் வெளிறு. இரு மரத்தை ஒட்டிச் செய்ய வேண்டிய வேலையை ஒரே மரம் தானாகச் செய்து தருகிறது. மற்ற மரங்களில் வேலைக்கு உதவாத வெளிறு, இங்கே இல்லாவிட்டால் வில்லே இல்லை.

செய்முறை சொல்லச் சுருக்கம், செய்ய நெடுங்காலம். அடிமரத்தை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளக்க வேண்டும். பிளவு நாரின் போக்கிலேயே போகும். வெட்டுமுனைகளில் உடனே மெழுகோ பசையோ பூச வேண்டும்; முனை முந்திக் காய்ந்தால் நீளவாக்கில் வெடிக்கும். பிறகு நிழலில் சில ஆண்டு காயவிட வேண்டும். வெளிப்பக்கத்தில் ஒரே ஆண்டு வளையம் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓட வேண்டும். உளி தவறி வளையத்தை அறுத்த இடத்தில்தான் ஒருநாள் சிம்பு கிளம்பும், அப்படியே வில் முறியும். கணு இருந்தால் அதை மட்டமாக இழைக்காமல் சுற்றிலும் கொஞ்சம் மரம் விட்டு மேடாக வைக்க வேண்டும்.

கடைசி வேலை வில்லின் இரண்டு கையையும் ஒன்றுபோல வளைய வைப்பது. முதலில் தளர்ந்த நீள நாண் கட்டிச் சில அங்குலம் மட்டும் இழுத்துப் பார்த்து, விறைப்பான இடத்தில் மட்டும் சுரண்டுவார்கள். ஓரிடத்தில் அதிகம் சுரண்டிவிட்டால் அந்த இடத்தில் கீல் வைத்ததுபோல மடங்கும். பிறகு மற்ற எல்லா இடத்தையும் அதற்கு இணையாகச் சுரண்ட வேண்டியதுதான், வில்லின் பலம் குறைந்துவிடும். வைரப் பக்கத்தில் குறுக்கே மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிந்தால் அந்த இடம் நசுங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். வேலை இல்லாதபோது நாணைக் கழற்றி வைக்க வேண்டும். இல்லையேல் வில் வளைந்தபடியே நின்றுபோகும். அம்பு பூட்டாமல் வெறும் நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு எடுத்துப் போக வேண்டிய விசை முழுதும் மரத்துக்கே திரும்பும்.

இந்த வில்களின் இழுவிசை 100 முதல் 185 பவுண்டு என்று கணித்திருக்கிறார்கள். கிலோவில் 45 முதல் 84. ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதற்கு ஈடான, பெரும்பாலும் அதைவிடக் கனமான ஒன்றை மூன்று விரலால் 30 அங்குலம் இழுத்து, நிமிடத்துக்கு ஐந்தாறு முறை, எதிரில் குதிரை வரும்போது. கைப்பலத்தால் இது நடக்காது. ஆயர் லாட்டிமர் 1549-இல் அரசர் முன்னிலையில் செய்த ஒரு பிரசங்கத்தில், தன் தகப்பனார் கையால் இழுக்காமல் உடம்பை வில்லுக்குள் கொடுத்து இழுக்கக் கற்றுத்தந்ததையும், வயது ஏற ஏறப் பெரிய வில்லாக வாங்கித் தந்ததையும் சொல்கிறார். அந்த உழைப்பு எலும்பில் எழுதப்பட்டிருக்கிறது. கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளில், தோள்பட்டை எலும்பின் நுனி வளர்ந்தபின் ஒட்டாமல் தனித்து நிற்கும் நிலை வழக்கத்தைவிட அதிகம். சிறு வயது முதல் அந்த இடத்தில் விழுந்த சுமையே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

அம்புப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பெரும்பாலும் பாப்ளார் மரம், அரை அங்குலப் பருமன், 30 அங்குல நீளம். நாண் உட்காரும் பிளவுக்குக் குறுக்காக இரண்டு அங்குல நீளத்தில் இன்னொரு வெட்டு. அதில் மெல்லிய கொம்புத் தகடு செருகியிருந்தது. அது இல்லாவிட்டால் இவ்வளவு பலமான நாண் அம்பை அடியிலிருந்து இரண்டாகப் பிளந்துவிடும். பிளவின் அகலம் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நாண் ஒன்றுகூடக் கிடைக்காத நிலையில் நாணின் பருமனை இதிலிருந்துதான் கணிக்கிறார்கள். இறகை வண்டு தின்னாமலிருக்கப் பசையில் கலந்த செம்புச் சேர்மத்தின் பச்சைத் தடத்தையும் காணலாம். பக்கத்தில் 24 துளையிட்ட வட்டத் தோல் ஒன்று இருக்கிறது. ஒரு கட்டு அம்பை இறகு நசுங்காமல் பிரித்து வைக்கும் தோல் அது. போர்க்களத்தில் இறகு நசுங்கிய அம்பு எங்கே போகும் என்று எய்தவனுக்கே தெரியாது.

நாள் 4: கால்வாயைக் கடந்து ஆர்ஃப்ளர்

போர்ட்ஸ்மத்திலிருந்து லெ ஆவருக்குக் கப்பல் போகிறது. 1415 ஆகஸ்ட்டில் பிரான்சின் மீது படையெடுத்து ஐந்தாம் ஹென்றி இறங்கிய கரை அதற்கு அருகில்தான். அவர் முற்றுகையிட்ட ஆர்ஃப்ளர் துறைமுகம் இன்று லெ ஆவரின் புறநகர். கடல் விலகிப் போய்விட்டது. பழைய வாசல் ஒன்றின் சிதைவையும் சந்துகளையும் பார்க்க அரை நாள் தாராளம். செப்டம்பர் 22 அன்று நகரம் பணிந்தது. அதற்குள் வயிற்றுக்கடுப்பு படையில் பலரை வீழ்த்தியிருந்தது.

கப்பலில் கிடைக்கும் நேரத்தில் சரக்குக் கணக்கு பார்க்கலாம். ஓர் அம்புக்கு மூன்று இறகு. மூன்றும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து வர வேண்டும். இடச்சிறகையும் வலச்சிறகையும் கலந்தால் வளைவு ஒன்றுக்கொன்று எதிராகி அம்பு சுழலாது, ஆடும். 1417-இல் ஹென்றி, வாத்து ஒன்றுக்கு ஆறு சிறகு இறகு எடுக்கும்படி மாவட்ட அதிகாரிகளுக்கு ஆணையிட்டார். பக்கத்துக்கு மூன்று எடுத்தால் ஒரு வாத்துக்கு இரண்டு அம்பு. ஒரு கட்டுக்கு 12 வாத்து. அடுத்த ஆண்டு அவர் கேட்டது 11,90,000 இறகு. 1416-இல் மரச்செருப்பு செய்பவர்கள் ஆஸ்பென் மரத்தைத் தொடக் கூடாது, அது அம்புக்கு வேண்டும் என்று சட்டம் வந்தது. அம்பு முனையைப் பற்றி 1405-லேயே சட்டம்: நுனி எஃகால் கடினமாக்கப்பட வேண்டும், செய்தவன் முத்திரை குத்த வேண்டும். போலிச் சரக்கு புழங்கியதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வில்மரம் இன்னும் சிக்கல். இங்கிலாந்தின் ஈரத்தில் யூ வேகமாக வளரும், வளையம் அகலமாக இருக்கும். மலைக்குளிரில் மெல்ல வளர்ந்த நெருக்கமான வளைய மரமே வேண்டும். 1472-இல் இறக்குமதியாகும் ஒவ்வொரு டன் சரக்கோடும் நான்கு வில்மரம் கொண்டுவர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1484-இல் சிலவகை மதுவுக்குப் பீப்பாய்க்குப் பத்து வில்மரம். அடுத்த நூற்றாண்டு முடிவதற்குள் பவேரியா, ஆஸ்திரியா மலைகளில் நல்ல யூ மரம் ஏறக்குறைய தீர்ந்துபோனது.

ஆளையும் வளர்க்க வேண்டும். 1363-இல் மூன்றாம் எட்வர்ட், ஓய்வுநாள்களில் பந்து விளையாட்டை விட்டு வில் பழக ஆணையிட்டார். 1541 சட்டம் 24 வயது நிரம்பியவர் இலேசான அம்பால் 220 கஜத்துக்குக் குறைந்த இலக்கை எய்யவே கூடாது என்றது.

நாள் 5: பிளான்ஷ்தாக், கிரெசி

காலையில் சொம் ஆற்றின் முகத்துவாரம். 1346 ஆகஸ்ட் 24 அன்று, பிரான்சுக்குள் படையெடுத்து வந்த மூன்றாம் எட்வர்ட் பிளான்ஷ்தாக் என்ற துறையில், கடல் வற்றியிருந்த சில மணி நேரத்தில் ஆற்றைக் கடந்தார். எதிர்க்கரையில் பிரெஞ்சுக் காவல். முழங்கால் தண்ணீரில் நின்று எய்து வழி பிடித்தார்கள் வில்லாளர்கள். ஆறு பின்னாளில் கால்வாயாக ஒடுக்கப்பட்டுவிட்டதால் துறையின் இடத்தைப் பார்த்தவுடன் அறிய முடியாது. அதிக நேரம் செலவிட வேண்டாம்.

கிரெசியில் அரசர் நின்றதாகச் சொல்லப்படும் காற்றாலை இருந்த இடத்தில் இப்போது மரப் பார்வைமேடை. ஏறினால் மெதுவாகச் சரியும் வயல், கீழே பள்ளத்தாக்கு, எதிரே மேடு. எதிர்ப்புறத்தில் செங்குத்தாக இறங்கும் ஒரு நீண்ட மண்கரை தெரியும். குதிரைப்படை அதன் வழியே இறங்க முடியாது. சுற்றி வந்து நெருக்கமாகித்தான் நுழைய வேண்டும். போர் நடந்தது இங்கேயே இல்லை என்று வேறோர் இடத்தைக் காட்டும் ஆய்வாளர்களும் உண்டு. இங்கு போர்க்கால இரும்பு பெரிதாக அகப்படாதது அவர்கள் பக்கத்து வலுவான வாதம். இந்தச் சர்ச்சையை மனத்தில் வைத்துக்கொண்டே பாருங்கள்.

ஆகஸ்ட் 26 மாலை பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்பின் படை, நாள் முழுக்க நடந்த களைப்போடு வந்து சேர்ந்தது. முன்வரிசையில் ஜெனோவா குறுக்குவில்லாளர்கள். குறுக்குவில்லை ஏற்ற நேரம் ஆகும். அந்த நேரத்தில் மறைய ஆளுயரக் கேடயம் வேண்டும். கேடயங்கள் பின்னால் வண்டியில். போதாக்குறைக்கு மழை. இங்கிலாந்து வில்லாளர்கள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்துக்குள் செருகிக்கொண்டார்கள் என்கிறது ஒரு பிரெஞ்சு வரலாற்றுக் குறிப்பு. குறுக்குவில்லின் நாணை அப்படி நினைத்தவுடன் கழற்ற முடியாது. ஒருவர் ஒன்றிரண்டு எய்வதற்குள் எதிரிலிருந்து ஐந்தாறு வந்து விழுந்தன. அவர்கள் பின்வாங்க, பின்னால் நின்ற பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் தங்கள் கூலிப்படையையே மிதித்துக்கொண்டு முன்னேறினார்கள். இது பிரெஞ்சுத் தரப்பு தனக்குத்தானே செய்துகொண்ட கொடுமை.

இங்கிலாந்துப் பக்கம் என்ன செய்தது? காலையிலிருந்தே இடம் பிடித்து உட்கார்ந்து, சாப்பிட்டு ஓய்வெடுத்தது. வரிசைக்கு முன்னால் ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழிகள் தோண்டினார்கள். பார்க்க அற்பமான குழி. ஓடி வரும் குதிரையின் கால் முறிய அது போதும். வில்லாளர்கள் பெரும்பாலும் பக்கங்களில் நின்றார்கள். முன்னிருந்து பார்த்தால் குதிரையின் தலையும் மார்பும் கவசத்துக்குள்; பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறும் தொடையும் வெறுமை. பத்து ஆண்டு கழித்து 1356-இல் புவாத்தியேயில் இதே பாடத்தை ஆக்ஸ்போர்டு பிரபு போர் நடுவில் கற்றார்: முன்பக்கம் அம்பு எடுபடவில்லை என்று கண்டு வில்லாளர்களைப் பக்கத்துக்கு நகர்த்திக் குதிரைகளின் பின்தொடையில் எய்ய வைத்தார். காயம்பட்ட குதிரை தன் படைக்குள்ளேயே திரும்பி ஓடும்.

நாள் 6: அஜின்கூர்

கிரெசியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஊரில் 2019-இல் புதுப்பித்துத் திறந்த அருங்காட்சியகம் இருக்கிறது; அதை முடித்துவிட்டு அஜின்கூர், திராம்கூர், மெசோன்செல் என்ற மூன்று ஊரையும் சுற்றும் சாலையில் நடக்க வேண்டும். வயல் முழுக்கத் தனியார் நிலம், சாலையோரத்தை விட்டு இறங்காதீர்கள். உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவருவது அனுமதியில்லாமல் பிரான்சில் சட்டவிரோதம். முடிந்தால் அக்டோபர் கடைசியில் வாருங்கள். உழுது விதைத்த வயலில் மழை பெய்தபின் அந்தக் களிமண் காலணியில் எப்படி ஒட்டிக்கொண்டு வருகிறது என்பதை வேறு எந்த மாதமும் காட்டாது.

1415 அக்டோபர் 25. இங்கிலாந்துப் படையில் மிகப் பெரும் பங்கு வில்லாளர்கள். ஆளுக்கு நாள் சம்பளம் ஆறு பென்ஸ். வரும் வழியிலேயே ஹென்றி ஓர் ஆணை போட்டிருந்தார்: ஒவ்வொரு வில்லாளியும் ஆறடி நீள மரக்கம்பு ஒன்றை இரு முனையும் சீவித் தூக்கி வர வேண்டும். வில்லாளர்களைக் குதிரையால் மிதிக்கப் பிரெஞ்சுத் தளபதிகள் திட்டம் வைத்திருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1396-இல் நிக்கோபோலிஸில் துருக்கியர் நட்ட முளைகளில் மோதிச் சிறைப்பட்ட பூசிக்கோ, இங்கே பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவர்.

விடியலில் இரு படையும் அணிவகுத்தன. மணிக்கணக்கில் யாரும் அசையவில்லை. பிறகு ஹென்றி முன்னே நகரச் சொன்னார். இந்த இடத்தில் நின்று நிதானமாக யோசிக்க வேண்டும். அடித்து இறக்கிய முளையைப் பிடுங்கி, தோளில் வைத்து, சேற்றில் பல நூறு மீட்டர் நடந்து, அம்பு எட்டும் தூரத்தில் மறுபடி சாய்வாக அடிக்க வேண்டும். கூரான மேல்முனையில் சுத்தியல் விழுந்தால் முனை மழுங்கும். மறுபடி சீவ வேண்டும். அந்த நிமிடங்களில் வில் கையில் இல்லை, வேலி இல்லை, வரிசை இல்லை. பானக்பர்ன் திரும்பவும் நடந்திருக்கலாம். பிரெஞ்சுக் குதிரைவீரர்களில் பலர் அப்போது தங்கள் இடத்தில் இல்லை. குதிரையை நடத்திச் சூடேற்றப் போயிருந்தார்கள். அஜின்கூரின் தீர்ப்பு எழுதப்பட்டது இங்கேதான் என்பது எங்கள் கருத்து.

முளை நட்டு முடிந்ததும் தாமஸ் எர்பிங்கம் கோலைத் தூக்கி எறிய, அம்பு பறந்தது. பிறகு வந்த குதிரைகள் முளையில் சிக்கின, மற்றவை திரும்பித் தங்கள் காலாள் வரிசைக்குள் புகுந்தன. அந்தக் காலாள்கள் முழு எஃகுக் கவசத்தில், குளம்புகள் குழைத்த சேற்றில், அம்பு முகமூடியின் கண்துளையில் புகாமலிருக்கத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். இரு பக்கமும் காடு. அம்புக்கு அஞ்சி நடுப்பக்கம் ஒதுங்க ஒதுங்க நெரிசல். முன்னால் வந்தவன் விழ, பின்னால் வந்தவன் அவன்மேல் விழுந்தான். பிரெஞ்சுப் படையின் குறுக்குவில்லாளர்களுக்குப் பின்வரிசையில்தான் இடம் கொடுத்திருந்தார்கள்; அவர்கள் எய்ய வழியே இல்லை.

அம்பு கவசத்தைத் துளைத்ததா? 2019-இல் இங்கிலாந்தில் ஒரு கவனமான சோதனை செய்தார்கள். 160 பவுண்டு வில், 80 கிராம் அம்பு, 25 மீட்டர் தூரம், அந்தக் கால முறையில் அடித்த மார்புக்கவசம். நடுவில் 2.5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட அந்தத் தகட்டை ஓர் அம்பும் துளைக்கவில்லை. தண்டு சிதறிச் சிம்புகள் மேலே கழுத்தை நோக்கிப் பறந்தன. மார்புக்கவசத்தின் மேல்விளிம்பில் பழைய கவசக்காரர்கள் ஏன் ஒரு வரப்பு வைத்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. தகடு இல்லாத, இரும்பு வளையச் சட்டை மட்டும் மூடிய இடங்களில் அம்பு நுழைந்தது. நீண்ட ஊசிபோன்ற முனைதான் கவசம் துளைக்கச் செய்தது என்று பலரும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தின் ஆயுத அருங்காட்சியகமான ராயல் ஆர்மரிஸ் ஆய்வில் பார்த்த அத்தகைய முனைகள் கடினப்படுத்தாத வெறும் இரும்பு. எஃகு இருந்தது சிறிய, ஒட்டிய சிறகு கொண்ட முனைகளில்.

கணக்கையும் பாருங்கள். 5,000 வில்லாளர்கள் நிமிடத்துக்கு ஆறு எய்தால் 30,000 அம்பு. ஆளுக்கு இரண்டு கட்டு, 48 அம்பு என்றால், எட்டு நிமிடத்தில் கை காலி. ஆகவே அது இடைவிடாத மழையாக இருந்திருக்க முடியாது, அளந்து செலவழித்திருப்பார்கள். அம்பு தீர்ந்ததும் வில்லைப் போட்டுவிட்டு, முளை அடித்த அதே சுத்தியலோடும் குத்துவாளோடும் சேற்றில் தவித்தவர்கள்மீது பாய்ந்தார்கள். கனக் கவசம் இல்லாத கால் அங்கே வேகமாக நடந்தது. பிறகு ஹென்றியின் ஆணைப்படி கைதிகள் கொல்லப்பட்டார்கள். அதை எந்தப் போர்த் தேவையாலும் மறைக்கக் கூடாது.

மெசோன்செல் போகும் வழியில் மரங்கள் சூழ ஒரு சிலுவை நிற்கிறது. பிரெஞ்சுப் பிணங்களைப் புதைத்த இடம் அது என்பது ஊர் மரபு.

நாள் 7: பத்தே

தெற்கே நான்கு மணி நேரப் பயணம். ஓர்லியான் நகருக்கு வடமேற்கே போஸ் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. சுற்றுலாக்காரர் அதிகம் வராத ஊர் பத்தே. நெடுவில்லின் கதையை அஜின்கூரோடு முடித்துக்கொண்டு வீடு திரும்புபவர்கள் தவறவிடும் ஊரும் இதுதான்.

1429 மே மாதம் ஓர்லியான் முற்றுகை உடைந்தது. ஜூன் நடுவில் லுவார் ஆற்றங்கரைக் கோட்டைகளை, பிரான்சுக்காகப் போரிட்ட இளம்பெண் ஜான் ஆஃப் ஆர்க்கின் படை ஒவ்வொன்றாக மீட்டது. டால்பட், ஃபாஸ்டால்ஃப் இருவரின் தலைமையில் இங்கிலாந்துப் படை வடக்கே பின்வாங்கியது. ஜூன் 18 அன்று எதிரி நெருங்கிவிட்டதாகச் செய்தி வந்ததும், டால்பட் சுமார் 500 தேர்ந்த வில்லாளர்களோடு புதர்வேலி ஓரமாக ஒதுங்கினார். மற்றப் படை பின்னால் அணிவகுக்கும்வரை அவர்கள் வழியை அடைத்து நிற்க வேண்டும். முளைகள் கையில் இருந்தன. சுத்தியலும் இருந்தது.

எதிரிக்கு அவர்கள் இருக்கும் இடம் தெரியாது. அப்போது ஒரு கலைமான் மிரண்டு இங்கிலாந்து வரிசைக்குள் ஓடி வர, வேட்டைப் பழக்கத்தில் கூச்சல் கிளம்பியது. பிரெஞ்சுத் தளபதிகள் லா ஹிர், சேந்திராய் இருவரின் முன்னணிக் குதிரைப்படை சத்தம் வந்த திசைக்குப் பாய்ந்தது. அணிவகுத்து நின்று அறைகூவி வரும் பழைய முறையெல்லாம் இல்லை. வந்த வேகத்தில் நேரே பக்கவாட்டில் புகுந்தார்கள். முளை பாதி இறங்கிய நிலையில் வில்லாளர்கள் வெட்டுண்டார்கள். ஜான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

டால்பட் சிறைப்பட்டார், பின்னால் சேந்திராய் ஆங்கிலேயர் கையில் சிக்க, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளப்பட்டார்கள். 1450-இல் ஃபோர்மிஞியில் இங்கிலாந்து வில்லாளர்களுக்கு முளை நட நேரம் கிடைத்தது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் அம்பு எட்டாத தூரத்திலிருந்து இரண்டு சிறு பீரங்கிகளால் சுட்டு அவர்களை வேலிக்கு வெளியே இழுத்தார்கள். 1453 ஜூலை 17 அன்று காஸ்தியோனில் டால்பட்டே பீரங்கி அரண்மீது மோதி மாண்டார். இங்கிலாந்தின் ஊர்க்காவல் படைகளில் வில்லுக்குப் பதில் துப்பாக்கி எடுக்கும்படி ஆணை வந்தது 1595-இல்.

பத்தேயிலிருந்து லிஞெரோல் என்ற குடியிருப்பை நோக்கிச் சாலை போகிறது. அதில் இறங்கி நடந்தால் இருபுறமும் தட்டையான வயல். சரிவு இல்லை, ஆறு இல்லை, சேறு இல்லை, காடு இல்லை. குதிரை முழு வேகத்தில் ஓடி வர எந்தத் தடையும் இல்லாத மண்.